கோவிட் ஹோட்டல் லோன் வாங்கித் தருகிறோம் என்று வருபவனிடம் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்

பெங்களூரில் ஸ்ரீராம்புரம், அல்சூர், மர்ஃபி டவுன் பக்கம் மெஸ், தள்ளுவண்டி, சின்ன ஹோட்டல் நடத்துகிற எல்லோரும் தயவுசெய்து இதை முழுசாகப் படியுங்கள். எங்கள் மெஸ்ஸில் 18,500 ரூபாயைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டான். 2021 லாக்டவுனில் பார்சல் மட்டும் கொடுத்து, கடை வாடகைக்கே அல்லாடிய நேரத்தில் 18,500 ரூபாய்!

வந்தவன் ஒரு லோன் கன்சல்டன்சி ஆள். நல்ல தமிழ், கழுத்தில் ஐடி கார்டு. "அண்ணே, ஹோட்டல்காரங்களுக்குன்னே சென்ட்ரல் கவர்மென்ட் விட்ட ஸ்கீம். ஷூரிட்டி வேணாம், ஆறு வருஷம் டைம்" என்று சொல்லி, போனில் அரசு அறிவிப்பைத் திறந்து காட்டினான். நம்ப வைத்ததே அந்த அறிவிப்புதான், ஏனென்றால் அது அசல். அரசு உத்தரவாதத்தோடு பேங்க் கொடுத்த அவசரக் கடன் ஸ்கீமான இசிஎல்ஜிஎஸ் 3.0, ஹோட்டல், சுற்றுலாத் தொழில்களுக்காக 2021 மார்ச் கடைசியில் வந்தது, 2023 மார்ச்சோடு முடிந்தும் விட்டது. புதிதாக அடமானம் கேட்கவில்லை, முதல் இரண்டு வருஷம் வட்டி மட்டும் கட்டினால் போதும் என்று இருந்தது, எல்லாமே நிஜம்.

ஆனால் அவன் விரலால் சரேலென்று தள்ளிவிட்ட ஒரு வரியில்தான் விஷயமே இருக்கிறது. 29.2.2020 அன்று ஏற்கெனவே தொழில் கடன் பாக்கி இருந்தவர்களுக்குத்தான் இந்த லோன். அந்தப் பாக்கியில் 40 சதவீதம் வரை தந்தார்கள். 5 லட்சம் பாக்கி இருந்தால் 2 லட்சம். 2020-லேயே இதே ஸ்கீமின் முதல் சுற்றில் 20 சதவீதம் வாங்கியிருந்தால் அது போக மீதி. அந்த 29.2.2020 தேதியில் தவணை 60 நாளுக்கு மேல் நின்றிருந்தால் கிடையாது. கடனே இல்லாதவருக்கு 40 சதவீதம் என்றால் பூஜ்யம். மெஸ் பேரில் எந்தக் கடனும் இல்லை என்பது அவனுக்கு முதல் நாளே தெரியும். தெரிந்தேதான் "மூணு லட்சம் கன்ஃபர்ம்" என்றான்.

18,500-க்கு அவன் சொன்ன கணக்கைப் பாருங்கள். ப்ராசஸிங் ஃபீ 12,000, உத்யம் (சிறு தொழில் பதிவு) சர்டிஃபிகேட் 4,500, ஃபைல் சார்ஜ் 2,000. இந்த ஸ்கீமில் பேங்க்கே ப்ராசஸிங் ஃபீ வாங்கக் கூடாது என்று இருந்தது. உத்யம் பதிவு அரசு தளத்தில் முழுக்க இலவசம். ஆதார், பான் நம்பர் போதும், ஒரு பேப்பரும் அப்லோட் செய்ய வேண்டாம். எங்களிடம் ஆதார் ஓடிபியைக் கேட்டு வாங்கிப் பதிவு செய்தவன், மொபைல் நம்பர் கட்டத்தில் தன் நம்பரைப் போட்டிருக்கிறான். இனி அதைப் பிரின்ட் எடுக்கவேண்டும் என்றாலும் ஓடிபி அவன் போனுக்குத்தான் போகும்.

பிறகு வாட்ஸ்அப்பில் ஒரு சாங்ஷன் லெட்டர் வந்தது. மேலே சிங்க முத்திரை மங்கலாக ஒட்டியிருக்கிறது, கீழே அரசின் கடன் உத்தரவாத நிறுவனமான என்சிஜிடிசியின் சீல். அந்த நிறுவனம் பேங்க்குக்கு உத்தரவாதம் கொடுப்பதோடு சரி, எந்தக் கடைக்காரருக்கும் சாங்ஷன் லெட்டர் அனுப்பாது.

பணம் எங்கே என்று கேட்டால் "ஃபைல் டெல்லி போயிருக்கு", "மேனேஜருக்குக் கோவிட்", "சர்வர் டவுன்". கடைசியில் கேரண்டி ஃபீ 6,000 கட்டினால் உடனே விழும் என்றான். கேரண்டி ஃபீ இந்த ஸ்கீமில் இருந்ததே இல்லை! அதைச் சொன்னதும் நம்பரை பிளாக் செய்துவிட்டான். அந்தக் கன்சல்டன்சி ஆபீஸுக்குப் போனால் "அவர் எங்க ஸ்டாஃப் இல்ல" என்கிறார்கள். அந்த 18,500-க்கு ரசீதும் இல்லை.

"நாளைக்குத்தான் கடைசி நாள்" என்று அவசரப்படுத்தியதும் பொய். 2021 மே 30-ஆம் தேதி அறிவிப்பிலேயே அந்த செப்டம்பர் 30 வரை நீட்டித்திருந்தார்கள்.

விவரமாக எழுத வேண்டும், இப்போது ஆத்திரத்தில் முடியவில்லை. தொழில் கடன் இருக்கிறவர்கள் அந்தக் கடன் வாங்கிய பிராஞ்சுக்கே நேராகப் போய்க் கேளுங்கள். இந்த ஸ்கீமில் பேங்க் வட்டி 9.25 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று இருந்தது. தள்ளுவண்டிக்காரர்களுக்கு இது இல்லை, பி.எம். ஸ்வநிதி என்று தனியாக ஒரு கடன் இருக்கிறது, 2021-ல் அது 10,000 ரூபாய். ஓடிபியை யாருக்கும் சொல்லாதீர்கள். பணம் அனுப்பிவிட்டீர்கள் என்றால் யுடிஆர் (பணம் அனுப்பியதற்கான அடையாள) நம்பரோடு அன்றைக்கே பேங்க்கிலும் சைபர் கிரைமிலும் புகார் கொடுங்கள், வாட்ஸ்அப் சாட்டை அழித்துவிடாதீர்கள்.