பின் ஹீட்டர் கிட்: பெட்டி பிரமாதம், வால்வைத் தூக்கிப் போடுங்கள்

பழைய டீசல் மோட்டார்ஹோமில் எஞ்சின் சூட்டில் ஓடும் பின் ஹீட்டரைப் புதுப்பிக்க, எல்லாம் சேர்ந்த கிட்டாகவே இப்போது விற்கிறார்கள். சீட்டுக்கு அடியில் வைக்கும் ஹீட்டர் பெட்டி (12 வோல்ட், மூன்று வேகம், செம்புக் கோர், அதாவது சூடான நீர் ஓடும் தகட்டுக் குழாய்த் தொகுதி), 16 மி.மீ. உள்விட்டமுள்ள ரப்பர் ஹோஸ் 10 மீட்டர், பித்தளை டி-இணைப்பு இரண்டு, பிளாஸ்டிக் வால்வு ஒன்று, ஹோஸை இறுக்கும் கிளாம்ப் எட்டு. கடைக்குக் கடை பெயர் மாறுமே தவிர, உள்ளே இருப்பது கிட்டத்தட்ட ஒரே சரக்குதான். பெட்டிக்கு முழு மதிப்பெண் தரலாம். ஹோஸ் பரவாயில்லை. வால்வும் கிளாம்பும் வண்டியில் ஏறக்கூடாது.

ஆனால் கிட் வாங்குவதற்கு முன், இருக்கும் ஹீட்டர் உண்மையிலேயே செத்துவிட்டதா என்று பாருங்கள். எஞ்சின் நன்றாகச் சூடானதும் பின் ஹீட்டருக்குப் போகும் ஹோஸையும் திரும்பும் ஹோஸையும் தொட்டுப் பார்த்தால் பாதி விஷயம் தெரிந்துவிடும். இரண்டும் சில்லென்று இருந்தால் வால்வு இறுகியிருக்கிறது, இல்லையென்றால் ஏர் பிடித்திருக்கிறது. போவது கொதிக்க, வருவது ஆறிக் கிடந்தால் கோர் அடைத்திருக்கிறது. இரண்டும் ஒரே சூடு, காற்று மட்டும் குளிர்ச்சி என்றால் தகட்டிடுக்குகளில் தூசி அப்பியிருக்கும், அல்லது புளோயர் (காற்றைத் தள்ளும் விசிறி) சரியாகச் சுற்றவில்லை. பிரஷ் வைத்துச் சுத்தம் செய்தாலே போதும். முன் ஹீட்டரும் சேர்ந்து மந்தமாக இருந்தால் சந்தேகம் தெர்மோஸ்டாட் (எஞ்சின் சூடாகும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கும் வால்வு) மேல்தான் போக வேண்டும். அது திறந்தபடி மாட்டிக்கொண்டால் எஞ்சின் சூடே ஏறாது. எத்தனை புது கோர் போட்டாலும் பலன் இல்லை.

அடைத்த செம்பு–பித்தளைக் கோரைக் காப்பாற்ற முடியும். கழற்றி, ஒரு லிட்டர் வெந்நீருக்கு 50 கிராம் சிட்ரிக் அமிலம் கலந்து, வழக்கமான ஓட்டத்துக்கு எதிர்த்திசையில் ஒரு மணி நேரம் சுற்றவிட்டு, பிறகு நிறையத் தண்ணீரில் அலசுங்கள். அலுமினியக் கோருக்கு இந்த வைத்தியம் ஆகாது. அலசியதும் ஒரு முனையை அடைத்து, மறுமுனையில் சைக்கிள் பம்பால் 1 பார் அழுத்தம் ஏற்றி வாளித் தண்ணீரில் அமிழ்த்துங்கள். குமிழி வந்தால்தான் இந்தக் கிட்டின் பக்கம் போக வேண்டும்.

இனி பெட்டி. கோரின் பற்றவைப்பு சுத்தமாக இருக்கிறது, தகடுகள் நெருக்கமாகவும் நேராகவும் இருக்கின்றன, புளோயர் சத்தம் இரண்டாம் வேகம் வரை தொந்தரவே இல்லை. ஆனால் அட்டையில் போட்டிருக்கும் கிலோவாட் கணக்கை அப்படியே நம்பாதீர்கள். சூடு வருவது தண்ணீர் ஓட்டத்தில்தான். தண்ணீரோடு பாதிக்குப் பாதி கலந்த கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) நிமிடத்துக்கு 8 லிட்டர் ஓடி, கோருக்குள் 10 டிகிரி ஆறினால் ஏறக்குறைய 4.8 கிலோவாட் கிடைக்கும். ஓட்டம் 3 லிட்டராகக் குறைந்தால், 20 டிகிரி ஆறினாலும் 3.6 தான். நீளமான ஹோஸ், அரைகுறையாகத் திறக்கும் வால்வு, மடங்கிய வளைவு எல்லாம் அந்த ஓட்டத்தைத்தான் தின்கின்றன. முன் ஹீட்டரோடு இணையாகப் பொருத்தும்போது தண்ணீர் குறுகிய வழியான முன் ஹீட்டருக்கே ஓடும். பின்பக்கப் பாதையில் தாழ்வான இடத்தில், டீசல் பார்க்கிங் ஹீட்டர்களில் வருகிற மாதிரியான சிறிய 12 வோல்ட் சுற்றோட்ட பம்ப் ஒன்றைச் சேர்த்தால் வித்தியாசம் உடனே தெரியும். அந்த பம்ப் தானாகத் தண்ணீரை இழுக்காது; எப்போதும் நிரம்பியே இருக்க வேண்டும்.

வால்வு விஷயத்துக்கு வருவோம். பிளாஸ்டிக் உடல், உள்ளே மெல்லிய தடுப்பு. சூட்டிலும் குளிரிலும் மாறி மாறி இருக்கும்போது தண்டைச் சுற்றித்தான் முதலில் கசியும். அதோடு ஒரே ஒரு வால்வு வைத்து என்ன பயன்? பித்தளை பால் வால்வு இரண்டு வாங்கி, போகும் ஹோஸில் ஒன்று, திரும்பும் ஹோஸில் ஒன்று, எஞ்சினுக்குப் பக்கத்தில் கை எட்டும் இடத்தில் வையுங்கள். வழியில் பின்பக்கம் எங்கே கசிந்தாலும் இரண்டையும் மூடிவிட்டு வண்டியைத் தொடர்ந்து ஓட்டலாம்.

கிளாம்பில் கணக்கே தப்பு. டி இரண்டுக்கும் ஆறு, ஹீட்டருக்கு இரண்டு, வால்வுக்கு இரண்டு, ஆகப் பத்து வேண்டும், கொடுப்பது எட்டு. பால் வால்வு இரண்டு போட்டால் பன்னிரண்டு. கிட்டில் வருவது துளையிட்ட பட்டை, இறுக்கும்போது ரப்பரைக் கடிக்கும். உள்பக்கம் வழவழப்பான பட்டை உள்ளதை வாங்குங்கள். முதல் சூட்டுக்குப் பிறகு, எஞ்சின் ஆறியதும் இன்னொரு முறை இறுக்குவது கட்டாயம்.

ஹோஸ் ஈபிடிஎம் என்ற, சூட்டைத் தாங்கும் செயற்கை ரப்பர்; அதுதான் சரி. எண்ணெய் படும் இடத்தை மட்டும் தவிர்க்க வேண்டும், எண்ணெய் பட்டால் ஊதிப் போய்விடும். பழைய ஹோஸ் வெளியே பளபளப்பாக இருக்கிறதே என்று விட்டுவிடாதீர்கள். மின்வேதி அரிப்பில் ரப்பர் உள்ளிருந்துதான் வெடிக்கும், அதுவும் கிளாம்புக்குப் பக்கத்து இரண்டு அங்குலத்தில். நடுப்பகுதியையும் முனையையும் விரலால் அழுத்தி ஒப்பிடுங்கள். முனை மட்டும் தொளதொளவென்று இருந்தாலோ, உள்ளே பிளவு தட்டுப்பட்டாலோ மாற்றியே ஆக வேண்டும். தரைக்கு அடியில் போகும் நீளம் முழுவதையும் சூடு வெளியேறாமல் காக்கும் மூடிய நுண்ணறை நுரையால் போர்த்துங்கள். கிட்டில் இது இல்லை. பெரிய குறை.

பொருத்தியதும் பெரும்பாலோர் தோற்கும் இடம் ஏர் எடுப்பது. 16 மி.மீ. ஹோஸ் மீட்டருக்கு 0.2 லிட்டர் பிடிக்கும். 10 மீட்டருக்கே 2 லிட்டர், கோர் தனி. ஒரு லிட்டரோடு கூலன்ட் இறங்க மறுத்தால் பாதையில் காற்று நிற்கிறது என்று அர்த்தம். வண்டியின் முன்பக்கத்தை மேட்டில் ஏற்றி, கூலன்ட் டேங்க் எல்லாவற்றுக்கும் மேலே இருக்கும்படி நிறுத்துங்கள். கோரின் கீழ்க் குழாயில் சூடான நீர் நுழைந்து மேல் குழாயில் வெளியேற வேண்டும். எஞ்சின் ஆறியிருக்கும்போதே மேல் ஹோஸைக் கழற்றி, அதில் புனல் வைத்து ஹோஸையும், குழாய் வழியே கோரையும் நிரப்பிவிட்டு மாட்டினால் பாதி வேலை முடிந்தது. பிறகு டேங்கை நிரப்பி மூடி, நிமிடத்துக்கு 1500 சுற்றில் தெர்மோஸ்டாட் திறக்கும்வரை ஓட்டி, முழுக்க ஆறவிட்டு அளவு பாருங்கள். சூட்டில் மூடியைத் திறந்தால் கை வெந்துவிடும்.

கூலன்டை எஞ்சின் கையேடு சொல்லும் வகையிலேயே வாங்குங்கள். பழைய எஞ்சினில் ஈயப் பற்றவைப்பு இருந்தால் சில புதிய வகைகள் அதை அரிக்கும். கலக்க வேண்டியது காய்ச்சி வடித்த நீர். வடித்தெடுக்கும் பழைய எத்திலீன் கிளைக்கால் கூலன்டை மூடிய கேனில் பிடியுங்கள். இனிப்பாக இருப்பதால் நாய் நக்கும், அது உயிரைக் குடிக்கும் விஷம்.

வயரிங்கில் புளோயருக்குத் தனி ஃபியூஸும் ரிலேவும் (சிறு மின்னோட்டத்தால் பெரிய மின்னோட்டத்தைத் திறந்து மூடும் சுவிட்ச்) கொடுங்கள். பழைய சுவிட்ச் வழியாக நேரடியாக ஓட்டினால் சுவிட்ச் உருகும். ஆர்டர் போடுமுன் இரண்டு விஷயம் கேளுங்கள்: உங்கள் வண்டி 24 வோல்ட் லாரிச் சேசிஸா, பழைய குழாய் 19 மி.மீட்டரா. இரண்டில் ஒன்று ஆம் என்றாலும் இந்தக் கிட் அப்படியே பொருந்தாது. பெட்டியைத் தனியாக, சரியான வோல்ட்டிலும் விட்டத்திலும் வாங்குவதே மேல்.