எபேசியர் 2:12 வாசிக்க எந்தத் தமிழ் வேதாகமம்?

கொழும்பில் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் புரட்டஸ்தாந்து ஆராதனைகளில் இன்னும் ஒலிப்பது பழைய மொழிபெயர்ப்பான பரிசுத்த வேதாகமம்தான். விசுவாசத்துக்கு முந்திய வாழ்வை நினைக்கச் சொல்லும் எபேசியர் 2:12 இல் (புதிய ஏற்பாட்டுக் கடிதம் ஒன்றின் வசனம்) ஐந்து இல்லாமைகள் அடுக்காக வரும், நாலாவது ‘நம்பிக்கையில்லாதவர்கள்’. வாசகர் சறுக்குவது இங்கேதான். இந்தப் பதிப்பில் விசுவாசம் (கடவுளை நம்புவது) வேறு, நம்பிக்கை வேறு; பின்னது வரப்போவதை எதிர்பார்த்திருப்பது. 1995இல் வந்த புதிய மொழிபெயர்ப்பான திருவிவிலியமோ முன்னதையே நம்பிக்கை என்கிறது, பின்னதை எதிர்நோக்கு என்கிறது. 1 கொரிந்தியர் 13:13ஐ இரண்டிலும் ஒப்பிட்டால் தெளியும்.

ஓசைக்குப் பழையது (அதை வெல்ல ஆளில்லை), படிப்புக்குப் புதியது. 12 உடன் நிறுத்தினால் வெறும் குற்றப்பட்டியல். 13ஆம் வசனத்தின் ‘இப்பொழுது’ வரை போகவேண்டும். வேதாகமத் தாள் மெல்லியது, ஜெல் பேனை மறுபக்கம் ஊறும். பென்சிலால் கோடிடுங்கள்.