டிசம்பர் 25: சூரிய விழாவா, நாள் கணக்கா?

உயிர்ப்புப் பெருவிழாவின் நாளைக் குறித்துத் தொடக்கக் காலத் திருச்சபை வெளிப்படையாகவே மோதிக்கொண்டது. 2ஆம் நூற்றாண்டின் நடுவில் ஸ்மிர்னா ஆயர் பொலிகார்ப்பு உரோமைக்கே வந்து, அங்கிருந்த ஆயர் அனிசேத்துவுடன் பேசிப் பார்த்தும் இருவரும் தத்தம் வழக்கத்தை விட்டுக்கொடுக்கவில்லை. 325இல் கூடிய நிசேயா சங்கம்தான் எல்லோரும் ஒரே ஞாயிற்றில் கொண்டாட வேண்டும் என்று முடிவெடுத்தது. கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு அப்படி ஒரு வழக்கும் இல்லை, தீர்ப்பும் இல்லை. நற்செய்தி நூல்கள் நாளைச் சொல்லவில்லை. 200ஆம் ஆண்டையொட்டி எழுதிய அலெக்சாந்திரியா கிளமெந்து, பிறந்த நாளாகச் சிலர் மே 20ஐயும் சிலர் ஏப்ரல் 19 அல்லது 20ஐயும் சொல்வதாகக் குறிக்கிறார். டிசம்பர் 25 அவற்றில் இடம்பெறவில்லை.

பிறகு அந்த நாள் எங்கிருந்து வந்தது? இன்றுவரை போட்டியிடும் இரண்டு விடைகளும் 1889ஆம் ஆண்டிலேயே தெளிவான வடிவம் பெற்றன. உரோமைச் சூரிய விழாவின் இடத்தில் திருச்சபை தன் விழாவை வைத்தது என்றார் ஜெர்மன் அறிஞர் ஹெர்மன் உசெனர். இயேசு இறந்த நாளிலிருந்து கணக்கிட்டுப் பெறப்பட்ட நாள் அது என்ற கருத்தை முன்வைத்தார் பிரெஞ்சு வரலாற்றாசிரியர் லூயி துஷேன். ஒவ்வொரு டிசம்பரிலும் நம்மிடையே உலவுவது முதல் விடைதான். சான்றுகளைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், அதற்குக் கிடைத்திருக்கும் உறுதி அதன் தகுதிக்கு மிஞ்சியது என்றே நான் கருதுகிறேன்.

சூரிய விழா விளக்கத்தின் பலம் எளிமை. பேரரசர் அவுரேலியன் 274இல் உரோமையில் வெல்லப்படாத சூரியனுக்குக் கோயில் எடுத்தார்; அடுத்த நூற்றாண்டில் கிறிஸ்து பிறப்பு விழா அதே நகரில் தலைகாட்டுகிறது. ஆனால் அந்தக் கோயிலின் அர்ப்பணிப்பு டிசம்பர் 25இல் நடந்ததாக அக்காலச் சான்று எதுவும் நேரடியாகச் சொல்லவில்லை. உண்மையில் இரு விழாக்களுக்கும் ஆதாரம் ஒரே தொகுப்புதான்: 354இல் ஃபிலோகாலுஸ் என்ற எழுத்துக் கலைஞர் உருவாக்கிய நாள்காட்டி நூல்.

அதைச் சற்று உற்றுப் பார்க்க வேண்டும். நூலின் அரசு நாள்காட்டியில் டிசம்பர் 25க்கு எதிரே, வெல்லப்படாதவரின் பிறந்தநாள், தேர்ப் பந்தயம் 30 என்று மட்டும் சுருக்கமாக எழுதப்பட்டுள்ளது. சூரியன் என்ற பெயர் அங்கே இல்லை. ஆகஸ்ட் 28லும் அக்டோபர் 22லும் அந்தப் பெயர் வெளிப்படையாக வருகிறது, அக்டோபரில் தேர்ப் பந்தயமும் 36. அதே நூலின் மறைசாட்சியர் பட்டியலோ, டிசம்பர் 25இல் யூதேயாவின் பெத்லகேமில் கிறிஸ்து பிறந்தார் என்றே தொடங்குகிறது. அதனுடன் இணைந்திருக்கும் ஆயர்களின் நினைவுநாள் பட்டியல் டிசம்பர் 27இல் தொடங்கி, ஆண்டைச் சுற்றி வந்து டிசம்பர் 8இல் முடிகிறது. உரோமை ஆயர்களான, 336 அக்டோபரில் இறந்த மாற்குவின் பெயரும் 352இல் இறந்த யூலியுவின் பெயரும் நாள் வரிசையை மீறிக் கடைசியில் ஒட்டப்பட்டுள்ளன. ஆகவே மூலப் பட்டியல் 336இல் உருவானது என்று ஆய்வாளர்கள் கணிக்கிறார்கள். ஆக, எழுத்துச் சான்றின்படி கிறிஸ்து பிறப்பு விழாவே சற்று முந்தியது. வெல்லப்படாதவரின் விழாவுக்கு முந்தைய வரலாறு இருந்திருக்கலாம். ஆனால் அது அனுமானம்.

இரண்டாம் விளக்கத்துக்கு வருவோம். இயேசு பாடுபட்ட நாளை மார்ச் 25 என்று கிறிஸ்தவ எழுத்தாளர் தெர்த்துல்லியன் 3ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தையொட்டியே எழுதிவிட்டார். அதே நாளில்தான் இயேசு தாயின் வயிற்றில் கருவானார் என்ற நம்பிக்கையைப் புனித அகுஸ்தீன் பதிவு செய்கிறார். எருசலேம் கோவில் கட்ட 46 ஆண்டுகள் ஆனதாக யோவான் நற்செய்தி சொல்கிறது. 46ஐ 6ஆல் பெருக்கினால் 276. மார்ச் 25 முதல் டிசம்பர் 25 வரை, இரு நாளையும் சேர்த்து எண்ணினால் அதே 276 நாட்கள் என்று அவர் கணக்குப் போடுகிறார். நமக்கு இது விசித்திரமாகத் தோன்றலாம். ஆனால் விழா நாள்களை அந்தத் தலைமுறை இப்படித்தான் தேடியது. இயேசு கருவாகப் போவதை மரியாவுக்கு வானதூதர் அறிவித்ததை நினைவுகூரும் மங்கள வார்த்தைத் திருநாள் இன்றும் மார்ச் 25இல் வருவது இந்த இணைப்பை நினைவூட்டுகிறது.

இதன் பலவீனத்தையும் மறைக்கக்கூடாது. அகுஸ்தீன் எழுதியபோது விழா ஏற்கெனவே நிலைபெற்றிருந்தது. இருக்கும் நாளுக்குப் பின்னால் கணக்கைப் பொருத்தினார்கள் என்று ஒருவர் வாதிட்டால் எளிதில் மறுக்க முடியாது. மோசே பிறந்த நாளும் இறந்த நாளும் ஒன்றே என்ற யூத மரபைத் துணைக்கு அழைப்பதுண்டு. அங்கே பேசப்படுவது பிறப்பு, கருவுறுதல் அல்ல. டிசம்பர் 25ஐக் குறிப்பிடும், 3ஆம் நூற்றாண்டுத் தொடக்க எழுத்தாளர் இப்போலித்துவின் தானியேல் உரைப் பகுதி மட்டும் ஐயமற்றதாக இருந்திருந்தால் வழக்கு அவுரேலியனுக்கு முன்பே முடிந்திருக்கும். ஆனால் அந்த வரி பிற்காலத்தில் சேர்க்கப்பட்டதா என்பது இன்னும் சர்ச்சையில் இருக்கிறது.

இரண்டையும் பிரித்தறிய உதவுவது ஜனவரி 6. கிழக்குத் திருச்சபைகள் பிறப்பை அந்த நாளில் கொண்டாடின. நாம் மூன்று ராஜாக்கள் திருநாள் என்று அறியும் விழாவின் வேர் அங்கே இருக்கிறது. சூரிய விழா விளக்கம் இதற்கு இன்னொரு விழாவைத் தேட வேண்டியிருக்கிறது. அலெக்சாந்திரியாவில் அந்த இரவில் கோரே என்ற தெய்வத்துக்கு நடந்ததாக 4ஆம் நூற்றாண்டு ஆயர் எப்பிபானியு எழுதும் சடங்கை அது எடுத்துக்காட்டுகிறது. கணக்கு விளக்கத்துக்கோ அதே விதி போதும்: சிறிய ஆசியாவின் மொந்தானியர் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் பாஸ்காவை, அதாவது உயிர்ப்பு விழாவை, ஏப்ரல் 6இல் கொண்டாடியதாக வரலாற்றாசிரியர் சொசோமென் குறிப்பிடுகிறார், அதிலிருந்து ஒன்பது மாதம் எண்ணினால் ஜனவரி 6. ஒரே விதி இரண்டு நாள்களையும் தருவது தற்செயல் என்று ஏற்க என்னால் முடியவில்லை.

இதனால் சூரியனுக்கு இதில் பங்கே இல்லை என்று ஆகாது. உரோமை மரபில் மார்ச் 25 வசந்த காலச் சமநாள், டிசம்பர் 25 பகல் மீண்டும் நீளத் தொடங்கும் குளிர்காலக் கதிர்த்திருப்ப நாள். கணக்கிட்டவர்கள் அதை அறிந்தே மகிழ்ந்தார்கள். இறைவாக்கினர் மலாக்கி சொன்ன நீதியின் சூரியன் இவரே என்று மறையுரைகள் முழங்கின. மக்களின் பழக்கமும் எளிதில் மாறவில்லை. புனித பேதுரு பேராலயப் படிகளில் ஏறியவர்கள் திரும்பி நின்று சூரியனை வணங்குவதை 5ஆம் நூற்றாண்டில் திருத்தந்தை லியோ கண்டிக்க வேண்டியிருந்தது. ஆனால் சூரிய விழாவுக்குப் போட்டியாக நாளை மாற்றினோம் என்ற வெளிப்படையான கூற்றுக்கு வழக்கமாகக் காட்டப்படுவது, 12ஆம் நூற்றாண்டுச் சிரிய ஆயர் தியோனிசியு பார் சலீபியின் கையெழுத்துப் படியில் உள்ள ஓர் ஓரக்குறிப்பு. நிகழ்வுக்கு எண்ணூறு ஆண்டுகளுக்குப் பிந்தையதைச் சாட்சியாக எடுப்பது கடினம்.

விழா பரவிய விதமும் கவனிக்கத்தக்கது. 386இல் அந்தியோக்கியாவில் மறையுரை ஆற்றிய யோவான் கிறிசோஸ்தோம், இந்த நாள் தம் மக்களுக்குத் தெரியவந்து பத்தாண்டுகள்கூட ஆகவில்லை என்று ஒப்புக்கொண்டு, திருமுழுக்கு யோவானின் தந்தை செக்கரியா கோவிலுக்குள் நுழைந்த நாளிலிருந்து மாதங்களை எண்ணி அதை நிறுவினார். எருசலேம் 6ஆம் நூற்றாண்டுவரை ஜனவரி 6ஐ விடவில்லை. ஆர்மீனியத் திருச்சபை பிறப்பையும் திருமுழுக்கையும் இன்றும் அதே நாளில் ஒன்றாகக் கொண்டாடுகிறது.