கயிற்றுக்கு வெளியே நின்று வாங்கிய கடை

சென்னை நங்கநல்லூரில் எங்கள் தெருமுனையில் இருக்கும் மளிகைக் கடையைப் பற்றி இதுவரை யாரும் மதிப்புரை எழுதியதாகத் தெரியவில்லை. பெயர்ப்பலகையில் உள்ள பெயரைச் சொல்லி அதை அழைப்பவரும் இல்லை. இருபது ஆண்டுகளாக எங்களுக்கு அது அண்ணாச்சி கடைதான். பதினைந்தடி அகலத்தில் தெருவைப் பார்த்துத் திறந்த முகப்பு, முன்னால் மரப்பலகை போட்ட கல்லா, பின்னால் அரிசி மூட்டைகளும் பருப்பு டப்பாக்களும் அடுக்கிய நீண்ட கூடம் என்பதே அதன் அமைப்பு. வாங்க வருபவர் உள்ளே நுழையவே வழியில்லாத இந்த ஏற்பாட்டை, முக்கியச் சாலையில் குளிரூட்டப்பட்ட பெரிய அங்காடிகள் வந்த பிறகு, பழைய காலத்து மிச்சம் என்று நானே கேலி பேசியிருக்கிறேன். 2020, 2021 ஆகிய இரண்டு ஆண்டுகளின் கொரோனா ஊரடங்குகளிலும் அங்கே வாங்கிப் பிழைத்தவன் என்ற முறையில், அந்தப் பேச்சைத் திரும்பப் பெற்றுக்கொண்டே இந்த மதிப்புரையைத் தொடங்குகிறேன்.

அன்றைய அச்சத்தைச் சொல்லாமல் கடையை மதிப்பிட முடியாது. 2020 மார்ச் 24 மாலை 6 மணிக்குத் தமிழகத்தில் 144 தடையுத்தரவும், அன்று நள்ளிரவு முதல் நாடு முழுவதும் ஊரடங்கும் நடைமுறைக்கு வந்தபோது, எங்கள் வீட்டில் சர்க்கரை நோயுள்ள என் தாயார் எழுபத்தொன்பது வயதில் இருந்தார். ஆகவே கடைக்குச் செல்வது நான் ஒருவன் மட்டுமே என்று முடிவாயிற்று. அதுவரை காலாற நடந்து போய்ச் செய்த ஒரு வேலை, முந்தைய இரவே தூக்கத்தைக் கெடுக்கும் வேலையாக மாறியது. எதை முதலில் கேட்பது, எந்தக் கையால் பையைப் பிடிப்பது, முகக்கவசத்தால் மூக்குக்கண்ணாடியில் ஆவி படர்ந்தால் துடைப்பதா விட்டுவிடுவதா என்றெல்லாம் படுக்கையில் ஒத்திகை பார்த்துக்கொண்டிருப்பேன். நோய் எனக்கு வரும் என்பதைவிட, அரைக் கிலோ உளுந்தோடு அதை நான் என் தாயாருக்குக் கொண்டுவந்து கொடுத்துவிடுவேன் என்பதே அச்சத்தின் உட்கரு. இதைச் சொன்னபோது சிரித்த நண்பர்களும் இருந்தார்கள். அவர்கள் வீட்டில் முதியவர் எவரும் இல்லை.

முதல் வாரத்தில் அண்ணாச்சி கடையை நான் நாடவில்லை. கருவியால் நெற்றியில் வெப்பநிலை பார்த்து, கையில் கிருமிநாசினி ஊற்றி அனுப்பும் பெரிய அங்காடியே பாதுகாப்பானது என்று நம்பி அங்கே சென்றேன். வாசலில் நடந்தவை எல்லாம் ஒழுங்காகவே இருந்தன, உள்ளேதான் சிக்கல். கண்ணாடிக் கதவு மூடிய குளிர்ந்த கூடம், இருவர் எதிரெதிரே வந்தால் தோள் உரசும் சந்துகள், எண்ணெய்ப் பொட்டலத்தை எடுத்து விலை பார்த்துவிட்டுத் திரும்ப வைக்கும் பத்துப் பேர், கட்டணம் செலுத்தும் இடத்தில் அசையாத ஒரு வரிசை. கடுகு இருக்கும் அடுக்கைத் தேடி மூன்று முறை சுற்றிய பிறகு என் நெஞ்சு படபடத்து, உள்ளங்கை வியர்த்து, பாதி நிறைந்த கூடையை அப்படியே தரையில் வைத்துவிட்டு வெளியே வந்து, நடைபாதையில் ஐந்து நிமிடம் நின்றேன். கூடையை அப்படி விட்டுவந்தது சரியல்ல; அடுக்கித் திரும்ப வைத்த பணியாளருக்கு இன்றும் மன்னிப்புக் கேட்கக் கடமைப்பட்டிருக்கிறேன். செல்பேசிச் செயலிகளையும் முயன்றேன். நள்ளிரவில் விழித்திருந்து பொருள்களைத் தேர்ந்தால், பணம் கட்டும் கட்டத்தில் விநியோக நேரம் ஒன்றும் காலியில்லை என்று வரும். ஒருமுறை காலி கிடைத்து, மூன்று நாள் காத்திருந்த பின் தாமாகவே ரத்து செய்து பணத்தைத் திருப்பி அனுப்பினார்கள்.

இப்படியாகத்தான் மார்ச் மாதக் கடைசியில் தெருமுனைக்கே திரும்பி வந்தேன். அண்ணாச்சி அதற்குள் கல்லாவுக்கு நான்கடி முன்னால் இரண்டு பக்கத் தூண்களிலும் கொக்கி அடித்து ஒரு தேங்காய்நார்க் கயிற்றைக் கட்டியிருந்தார். தெருவில் சுண்ணாம்பால் வட்டங்கள் போடப்பட்டிருந்தன. அவை தெருநாய்களுக்கு மிகவும் பிடித்துப்போனதால் முதல் வட்டத்தில் எப்போதும் ஒன்று படுத்திருக்கும், அதை எழுப்ப யாருக்கும் மனம் வராததால் வரிசை இரண்டாவது வட்டத்திலிருந்தே தொடங்கும். கயிற்றுக்கு வெளியே ஒரு முக்காலி இருந்தது. அதன்மேல் நம் துணிப்பையை வாய் திறந்து வைத்துவிட்டு நாம் விலகி நிற்க வேண்டும். கடைப் பையன் வந்து பையைத் தொடாமல் பொருள்களை அதற்குள் இறக்கிவிட்டுப் போவான். 2019 ஜனவரி முதல் தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை இருந்ததால் வீட்டுப் பை கொண்டுசெல்வது எங்களுக்குப் பழகிப்போயிருந்தது. பணத்துக்கு ஓர் அலுமினியத் தட்டு. செல்பேசியில் செலுத்துபவர்களுக்குக் கயிற்றிலேயே தொங்கவிட்ட கியூஆர் அட்டை.

இவற்றையெல்லாம்விடப் பெரிய உதவி, முந்தைய இரவு 8 மணிக்குள் வாட்ஸ்அப்பில் பட்டியலை அனுப்பிவிடலாம் என்ற ஏற்பாடு. காலையில் போனால் பொருள்கள் எடை போட்டுக் கட்டித் தயாராக இருக்கும். நான் கடைமுன் நின்ற நேரம் பெரும்பாலும் மூன்று நிமிடத்தைத் தாண்டாது. அச்சத்தின் அளவு கடைமுன் நிற்கும் நேரத்தைப் பொறுத்தது என்று எனக்குப் புரிந்தது அப்போதுதான். பெரிய அங்காடியில் பொருளைத் தேடுவது, எடுப்பது, ஒப்பிடுவது, சுமப்பது என எல்லா வேலையும் நம்முடையது. அந்த வேலை முழுவதையும் பிறர் மூச்சுக்கு நடுவில் செய்தாக வேண்டும். பலகைக்குப் பின்னால் ஒருவர் நின்று எடுத்துக் கொடுக்கும் பழைய முறையிலோ நம் வேலை சொல்வதும் காத்திருப்பதும் மட்டுமே, அதுவும் திறந்த தெருவில்.

திறந்த தெருவின் மதிப்பை அன்று நாங்கள் உணரவில்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். எங்கள் கவனமெல்லாம் பொருள்களின் மேற்பரப்பில் இருந்தது. இந்த வைரஸ் பிளாஸ்டிக்கின் மீது 72 மணி நேரம் வரையிலும் அட்டையின் மீது 24 மணி நேரம் வரையிலும் இருக்கக்கூடும் என்ற ஆய்வக முடிவு 2020 மார்ச்சில் வெளியானதும், என் மகள் அதைத் தாளில் எழுதி வாசல் கதவில் ஒட்டிவிட்டாள். அன்று முதல் துவரம்பருப்புப் பொட்டலம் மூன்று நாள் திண்ணையில் தனிமையில் இருந்தது. பால் பாக்கெட்டுகள் சோப்பு நீரில் குளித்தன. கத்தரிக்காய் மஞ்சளும் உப்பும் கரைத்த வெந்நீரில் கிடந்தது. சில்லறையாக வந்த ரூபாய்த் தாள்களை நான் இஸ்திரிப் பெட்டியால் தேய்த்தேன், அதில் ஒரு இருபது ரூபாய்த் தாள் ஓரம் பொசுங்கியது. “பருப்புக்குக்கூடத் தீட்டு வந்த காலம் இது” என்று என் தாயார் சொல்வார். ஓராண்டு கழித்து, 2021 ஏப்ரலில், தொற்றுள்ள மேற்பரப்பை ஒருமுறை தொடுவதால் நோய் வரும் வாய்ப்பு பொதுவாகப் பத்தாயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு என்று அமெரிக்க நோய்த் தடுப்பு மையம் அறிவித்தது. கடையில் எங்களைக் காப்பாற்றிய ஏற்பாடு எதுவென்று பின்னோக்கிக் கணக்கிட்டால், அலுமினியத் தட்டையும் சோப்பு வாளியையும்விட, முகப்பில் சுவரே இல்லாத அந்தக் கட்டடத்துக்குத்தான் அதிக மதிப்பெண் தர வேண்டும்.

ஒரேயொரு விஷயத்தில் மட்டும் மளிகைக் கடை பெரிய அங்காடியைவிடக் கொடியது. வற்றல் மிளகாய் மூட்டையைப் பிரிக்கும் நேரத்தில் நீங்கள் வரிசையில் இருந்தால் நெடி ஏறித் தும்மாமல் இருக்க முடியாது. சாதாரண நாளில் நூறாண்டு வாழ்க என்று வாழ்த்தியிருக்கக்கூடியவர்கள், நான் ஒருமுறை அடக்க முடியாமல் தும்மியபோது, வட்டங்களை விட்டே விலகி ஓடினார்கள். “மிளகாய் நெடிங்க, சார் நல்லாத்தான் இருக்காரு” என்று அண்ணாச்சி உள்ளிருந்து கூவி எனக்குச் சான்று வழங்க வேண்டியதாயிற்று. அதற்குப் பிறகு மிளகாய் மூட்டையை மதியம் கடை மூடிய பின்னரே பிரித்தார்கள்.

விலையில் அண்ணாச்சி நேர்மையாக இருந்தார் என்றே சொல்வேன். துவரம்பருப்பையும் சமையல் எண்ணெயையும் குடும்பத்துக்கு ஒரு கிலோ, ஒரு லிட்டர் என்று அளவு வைத்தார். காரில் வந்து பத்துக் கிலோ கேட்டவரை, இரட்டிப்பு விலை தருகிறேன் என்று சொல்லியும், ஒரு கிலோவோடு அனுப்பினார். கணக்கு நோட்டில் வாங்கிக்கொண்டிருந்த வீட்டு வேலைப் பெண்களுக்கும் ஆட்டோ ஓட்டுநர்களுக்கும், வருமானம் நின்றுபோன அந்த மாதங்களில், கடனை நிறுத்தவில்லை. காய்கறியில் மட்டும் அவர் கை கட்டப்பட்டிருந்தது. 1996 முதல் இயங்கும் கோயம்பேடு சந்தை தொற்றுப் பரவலால் 2020 மே 5 அன்று மூடப்பட்டு, மொத்த வியாபாரம் திருமழிசைக்கு மாற்றப்பட்டபோது, பல நாட்களுக்குத் தக்காளியும் சின்ன வெங்காயமும் அவரிடம் இல்லை. கோயம்பேட்டுக்குப் போய்வந்துகொண்டிருந்த அவருடைய உறவினரை, யாரும் கேட்காமலே, இரண்டு வாரம் கடைப்பக்கம் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டதாகவும் அறிந்தேன்.

குறைகளுக்கு வருகிறேன். முதலாவதும் பெரியதும் 2020 ஏப்ரல் 25. சென்னை, கோவை, மதுரை மாநகராட்சிகளில் 26 முதல் 29 வரை மளிகைக் கடைகளும் இல்லாத முழு ஊரடங்கு என்று முந்தைய நாள் அறிவிப்பு வந்ததால், நான்கு நாட்களுக்கான பொருள்களுக்காக நகரமே அந்த ஒரு காலைப் பொழுதில் தெருவுக்கு வந்தது. எங்கள் கடையில் வட்டங்கள் செருப்புகளுக்கு அடியில் மறைந்தன, கயிறு அறுந்தது, முக்காலி உருண்டது. பட்டியல் அனுப்பியவர்களும் அனுப்பாதவர்களும் ஒரே கூட்டமாகக் கை நீட்டினார்கள். அண்ணாச்சி ஒரு மணி நேரம் கடையை மூடி, கூட்டத்தைக் கலைத்துவிட்டுத் திரும்பத் திறந்திருக்கலாம். அவர் அப்படிச் செய்யவில்லை, விற்றுக்கொண்டே இருந்தார். எதிர்ச் சுவரோரம் நின்று பார்த்துவிட்டு வெறும் பையோடு நான் வீடு திரும்பினேன்; அந்த நான்கு நாட்களும் எங்கள் வீட்டில் ரசமும் அப்பளமும்தான். அறிவித்தவர்களின் பங்கு இதில் பெரிது. கடை திறக்கும் நேரத்தைக் குறைக்கக் குறைக்க, மிஞ்சிய நேரத்தில் கூட்டம் நெருங்கத்தான் செய்யும். ஆனாலும் அன்று அந்தக் கடைக்கு என்னால் மதிப்பெண் எதுவும் தர இயலாது.

இரண்டாவது குறை, சோர்வு. 2021 தொடக்கத்தில் சுண்ணாம்பு வட்டங்கள் அழிந்தன, மறுபடி யாரும் போடவில்லை. கடைப் பையனின் முகக்கவசம் தாடைக்கு இறங்கியது. மே மாதத்தில் இரண்டாவது அலை உச்சத்தை நெருங்கி, மளிகைக் கடைகளுக்குக் காலை 6 முதல் 10 வரை மட்டுமே அனுமதி என்று ஆனபோது, கயிறு இல்லாத கடைமுன் முப்பது பேர் நின்றார்கள். நான் சற்றுக் கடுமையாகவே பேசினேன். அண்ணாச்சி பதில் சொல்லவில்லை, மறுநாள் கயிறு கட்டியிருந்தது. மே 24 முதல் கடைகள் முற்றிலும் மூடப்பட்டு, 31ஆம் தேதியிலிருந்து தொலைபேசியில் கேட்டு வாங்கிக்கொள்ளவும் வாகனங்களில் விற்கவும் அனுமதி கிடைத்ததும், ஒரு சரக்கு ஆட்டோவை அமர்த்தி வீடு வீடாக அனுப்பினார். அந்த வாரம் நான் படி இறங்கவே இல்லை. கேட்டில் பை வந்து தொங்கிய அந்தக் காலையில், ஓராண்டுக்கும் மேலாக என் தோளில் ஏறி உட்கார்ந்திருந்த ஏதோ ஒன்று இறங்கியதுபோல் இருந்தது.

மூன்றாவது குறை, பொருளை நாம் தேர்ந்தெடுக்க முடியாது என்பது. அவர் கொடுப்பதே கத்தரிக்காய். அதில் புழு இருந்தால் மறுநாள் சொல்லலாம், மாற்றித் தருவார், ஆனால் அதற்காக மறுபடி வரிசையில் நிற்க அன்று யாருக்குத் துணிவு இருந்தது? முகக்கவசத்துக்குள்ளிருந்து மிளகு என்று சொன்னால் மிளகாய் வரும். மெல்லிய ரவை கேட்டால் தடித்த ரவை வரும். பட்டியலின் சுருக்கெழுத்தில் நேர்ந்த பிழைக்கு மட்டும் பாதிப் பொறுப்பு என்னுடையது. து.ப., உ.ப., க.ப. என்று எழுதிப் பழகிய கையால் ஒருநாள் ப.ப. என்று எழுதி அனுப்பினேன்; நான் நினைத்தது பாசிப்பருப்பு, வந்தது இரண்டு கிலோ பட்டாணிப்பருப்பு.

இன்று அந்தத் தெருவுக்குப் புதிதாகக் குடிவருபவர்களுக்கு இந்தக் கடையைத் தயக்கமின்றிப் பரிந்துரைப்பேன். அரிசி, பருப்பு, எண்ணெய், மசாலாப் பொருள்கள் இங்கே தரமானவை. எடை சரியாக இருக்கும். பிஸ்கட், சோப்பு வகைகளில் தேர்வு குறைவு. காய்கறியைக் காலை ஏழு மணிக்கு முன் வாங்குவது நல்லது. கூட்டத்தில் நிற்கத் தயங்குபவர்கள் வார நாட்களில் பதினொரு மணிக்குப் போகலாம். கயிறு இப்போது இல்லை, தூண்களில் கொக்கிகள் மட்டும் துருவேறி நிற்கின்றன, அவற்றில் வாழைத்தார் தொங்குகிறது. மாதச் சாமான் பட்டியலை நான் இன்னும் இரவு 8 மணிக்கு முன்பே அனுப்பி வருகிறேன். பாசிப்பருப்பை மட்டும் முழுப் பெயரில் எழுதுகிறேன்.