ஏஆர்37 ரைகிராஸ் விதை: காசு கொடுப்பது பூஞ்சைக்கு

கறவை மாட்டுப் பண்ணையில் மேய்ச்சல் நிலத்தைப் பார்த்துக்கொள்வது என் வேலை. நியூசிலாந்தில் இந்த வேலை செய்கிற எவருக்கும் கோடைக் கடைசியில் ஒரே கேள்விதான்: புல் காய்வது மழையில்லாமலா, பூச்சியாலா?

மழையில்லாமல் காய்ந்த புல் மழை பெய்ததும் துளிர்க்கும். துளிர்க்காத இடத்தில் குனிந்து ஒரு தூரைப் பிடித்து இழுத்துப் பாருங்கள். நடுக்குருத்து கையோடு வந்துவிடும். அடித்தண்டை நகத்தால் பிளந்தால் உள்ளே தூள் தூளாகக் கழிவு. அது முடிகிற இடத்தில் பழுப்புத் தலையும் வெளுத்த உடலுமாகக் காலில்லாத ஒரு புழு. ஆர்ஜென்டீனத் தண்டுக் கூன்வண்டின் புழு அது. வண்டு ஏறக்குறைய மூன்று மில்லிமீட்டர்தான், மண்ணின் நிறம், லேசில் கண்ணில் படாது. புழு ஒரு தூரைத் தின்று தீர்த்ததும் அடுத்த தூருக்குள் புகுந்துவிடும். பக்கத்திலேயே குளோவர் என்ற தீவனச் செடி மட்டும் பச்சையாக நிற்கும்.

இந்தப் புழுவை நினைத்துத்தான் ரைகிராஸ் என்ற மேய்ச்சல் புல்லின் ஏஆர்37 விதை வாங்கினோம். ஏஆர்37 என்பது புல் ரகத்தின் பெயரன்று. விதைக்குள் குடியிருந்து புல்லைப் பூச்சியிடமிருந்து காக்கும் பூஞ்சையின் பெயர். ஒரே பூஞ்சையைப் பல ரகங்களில் ஏற்றி விற்கிறார்கள். எப்பிக்ளோ பேரினத்தைச் சேர்ந்த அது புல்லின் செல்களுக்கு இடையில் வாழ்கிறது. வெளியே ஓர் அடையாளமும் தெரியாது. விதை வழியாக மட்டுமே அடுத்த தலைமுறைக்குப் போகும். பக்கத்துச் செடிக்குத் தொற்றாது. ஆகவே பழைய புல்லை மிச்சம் வைத்துவிட்டு மேலே தூவினால் பழைய புல் பழையபடியேதான் இருக்கும். முழுவதும் அழித்து, நடுவில் வேறொரு பயிர் வைத்து, பிறகு விதைப்பதே சரி.

ரைகிராஸில் இயல்பாகவே இருக்கும் பழைய பூஞ்சையும் பூச்சியைத் தடுக்கும். ஆனால் அது சுரக்கும் லோலிட்ரெம் பி என்ற நச்சு ஆடுமாடுகளைத் தள்ளாட வைக்கும்; எர்கோவலின் என்ற இன்னொரு நச்சு அவற்றை வெயில் தாங்க விடாது. தள்ளாட்ட நோய்க்கும் பூஞ்சைக்கும் உள்ள தொடர்பு 1981இல் இங்கே வெளியானது. பூஞ்சையே இல்லாத விதை போதும் என்று நினைக்கத் தோன்றும். ஆனால் பூஞ்சையில்லாத புல்லைத்தான் கூன்வண்டு நாசமாக்குகிறது என்பது 1982இல் தெரியவந்தது. பிறகு கால்நடைக்குக் கெடுதல் குறைந்த பூஞ்சைகளைத் தேடிப் பிடித்தார்கள். முதலில் ஏஆர்1, அடுத்து 2007இல் ஏஆர்37 விற்பனைக்கு வந்தது.

எங்கள் பண்ணையில் இரண்டும் அடுத்தடுத்த வயல்களில் இருக்கின்றன. ஏஆர்1 கால்நடைக்குத் துளியும் தொந்தரவு தராது. கூன்வண்டையும் மாவுப்பூச்சியையும் நன்றாகத் தடுக்கிறது. ஆனால் வேர் அசுவினியையும் புல்லைத் தின்னும் போரினாப் புழுவையும் அது தடுப்பதில்லை. கருவண்டுக்கு எதிராகவும் காப்பு குறைவு. வறண்ட கோடைக்குப் பிறகு அந்த வயலில் ஒரு கரண்டி மண்ணைப் புரட்டினால் வேரெல்லாம் வெள்ளை மெழுகு ஒட்டியிருக்கும், அசுவினியின் வேலை. ஏஆர்37 வயலில் அதைத் தேடித்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. தூர்கள் நெருக்கமாக நிற்கின்றன. மாடு கடித்து இழுக்கும்போது செடி வேரோடு பிடுங்கிக்கொண்டு வருவதில்லை. எனக்கு இந்த ஒன்றே போதும்.

ஒரு விஷயத்தைக் கண்டு கலங்க வேண்டாம். ஏஆர்37 புல்லிலும் இலை நுனியருகே நீளவாக்கில் குறுகிய வெளிறிய கீறல்கள் தெரியும். கூன்வண்டு சுரண்டிய தடம் அது. வண்டை விரட்டும் பெராமின் என்ற சேர்மம் இந்தப் பூஞ்சையில் கிடையாது. இதன் காப்பு புழுவுக்கு எதிரானது. இலையைப் பார்த்து முடிவு கட்டாமல் தண்டைப் பிளந்து பாருங்கள்.

குறைகளும் உண்டு. முளைத்த முதல் சில வாரங்களுக்குப் பூஞ்சையின் காப்பு மிகக் குறைவு. அந்த இளம்பயிரைக் காக்க மருந்து நேர்த்தி செய்த விதைதான் வேண்டும். புல்வேரைத் தின்னும் கிராஸ்கிரப் புழு மிகுந்த நிலத்தில் இதை நம்பி இறங்கக் கூடாது. இது சுரக்கும் எப்பாக்ஸிஜாந்திட்ரெம் சேர்மங்களாலும் சில கோடைகளில் ஆடுகளுக்குத் தள்ளாட்டம் வரும், பழைய பூஞ்சையால் வருமளவுக்குக் கடுமையாக இல்லாவிட்டாலும். நச்சு அடித்தண்டில்தான் அதிகம் சேர்கிறது என்பதால் கோடையில் தரையை ஒட்டி மேயவிடாதீர்கள். குதிரைக்கும் மானுக்கும் இந்தப் புல் வேண்டவே வேண்டாம்.

எல்லாவற்றையும்விடப் பெரிய தலைவலி விதையைச் சேமிக்கும் விதம். சூட்டிலும் ஈரத்திலும் கிடந்த விதை நன்றாகவே முளைக்கும். உள்ளே பூஞ்சை செத்திருக்கும். வயல் பச்சையாகத்தான் தெரியும், காப்பு மட்டும் இருக்காது. ஒரு கடையில் கோடை முழுக்கத் தகரக் கூரையடியில் கிடந்த மூட்டைகளைத் தள்ளுபடி விலைக்குத் தருவதாகச் சொன்னார்கள். முளைப்புத்திறன் சான்றை உடனே நீட்டினார்கள். பூஞ்சைச் சோதனை எப்போது நடந்தது என்று கேட்டதற்குப் பதில் வரவில்லை. வாங்காமல் வந்துவிட்டேன். குறைந்தது 70 சதவீத விதைகளில் பூஞ்சை உயிரோடு இருக்க வேண்டும் என்பது இங்குள்ள அளவுகோல். அந்த எண்ணையும் சோதனைத் தேதியையும் எழுத்தில் கேளுங்கள். கூடுதல் விலை கொடுப்பதே அதற்காகத்தான்.

கருவண்டும் வேர் அசுவினியும் உள்ள பால்பண்ணைக்குத் தயங்காமல் ஏஆர்37 வாங்கலாம். கூன்வண்டு மட்டுமே தொல்லை, ஆட்டுக்குட்டிகளும் மேய்கின்றன என்றால் ஏஆர்1 போதும். அடுத்த முறை புதுப்பிக்கவிருக்கும் எங்கள் வயலில் வேர் அசுவினி நிறைய இருக்கிறது. அங்கே ஏஆர்37தான் விதைக்கப் போகிறேன்.