ஒரு நாள் எடுக்கும், ஒரு நாள் எடுக்காது: என் பழைய பிக்கப்பின் செல்ஃப் கோளாறு

என்னுடையது 2008 மாடல் டீசல் பிக்கப். 2015-ல் செகண்ட் ஹேண்டாக வாங்கினேன். முருங்கையும் தக்காளியும் ஏற்றிக்கொண்டு ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்கு ஓடுவதுதான் அதன் வேலை. 3 லட்சம் கிலோமீட்டரைத் தாண்டியும் இன்ஜின் திடமாக இருக்கிறது. என்னை ஒன்றரை வருடம் அலைக்கழித்தது ஸ்டார்ட்டிங் மட்டும்தான். அதுவும் தினமும் தொல்லை கொடுத்திருந்தால் ஒரே வாரத்தில் பிடித்திருக்கலாம். பத்து தடவை ஒழுங்காக எடுக்கும், பதினோராவது தடவை ‘டக்’ என்று ஒரு சத்தம் மட்டும் வரும். கால் மணி நேரம் கழித்துத் திருப்பினால் ஒன்றுமே நடக்காதது போல ஸ்டார்ட் ஆகிவிடும். மெக்கானிக்கிடம் கொண்டுபோகும் நாளில் கண்டிப்பாக எடுக்கும்.

முதலில் பேட்டரி மாற்றச் சொன்னார்கள், மாற்றினேன். இரண்டு மாதம் நன்றாக இருந்தது, அப்புறம் பழைய கதை. அடுத்து, ஸ்டார்ட் செய்யும்போது இன்ஜினைச் சுற்றிவிடும் செல்ஃப் மோட்டாரைக் கழற்றி கார்பன், புஷ், சொலனாய்டு (மோட்டாருக்குப் பெரிய கரண்டைத் திறந்துவிடும் காந்த ஸ்விட்ச்) எல்லாம் புதிதாகப் போட்டார்கள். மூன்று வாரம் தாங்கியது. இரண்டிலும் சேர்த்துப் பத்தாயிரம் ரூபாய்க்கு மேல் போயிற்று. மாற்றிக் கொடுத்தவர்களைக் குறை சொல்ல மாட்டேன். கோளாறு வெளியே தெரியாத நேரத்தில் வண்டியைப் பார்த்தால் யாராக இருந்தாலும் ஊகித்துத்தான் ஆக வேண்டும். விட்டு விட்டு வரும் கோளாறை, அது வரும் அந்த நிமிடத்தில்தான் பிடிக்க முடியும். அந்த நிமிடத்தில் வண்டியில் இருப்பது டிரைவர் மட்டும்தான். இது புரிந்த பிறகு ஒரு நோட்டு வாங்கி டாஷ்போர்டில் போட்டேன். 400 ரூபாய்க்கு ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டரும் வாங்கினேன்.

நோட்டில் எழுதியது அதிகமில்லை. தேதி, இன்ஜின் சூடா ஆறியதா, லோடு இருந்ததா, வண்டி சமதளத்தில் நின்றதா சரிவிலா, சாவியைத் திருப்பியபோது என்ன சத்தம். இந்தக் கடைசி விஷயம்தான் முக்கியம். செல்ஃப் நன்றாகச் சுற்றியும் வண்டி பிடிக்கவில்லை என்றால் டீசல் பக்கம் பார்க்க வேண்டும். ‘டகடகடக’ என்று அடித்துக்கொண்டே இருந்தால் பெரும்பாலும் பேட்டரி இறங்கியிருக்கும், இல்லையென்றால் டெர்மினலில் பச்சை பூத்திருக்கும். ஒரே ஒரு ‘டக்’ வந்து நின்றால் பெரும்பாலும் சொலனாய்டு இழுத்துவிட்டது, மோட்டாருக்குப் போக வேண்டிய பெரிய கரண்ட் போகவில்லை. சத்தமே இல்லையென்றால் பெரும்பாலும் சாவி ஸ்விட்ச், ரிலே, சொலனாய்டுக்குப் போகும் சின்ன வயர், இவற்றில் ஏதோ ஒன்று. என் நோட்டில் எட்டுப் பதிவுகள். எட்டிலும் ஒரே ‘டக்’. ஏழு, இன்ஜின் சூடாக இருந்தபோது. ஐந்து, லோடு இறக்கிய உடனே. இந்த ஐந்தை நான் அப்போது பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

வழி காட்டியது மார்க்கெட்டில் லோடு இறக்கும் ஒரு தம்பி. பொழுது சாய்ந்த நேரம், ஹெட்லைட் எரிந்துகொண்டிருந்தது, நான் சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன். முன்னால் நின்றிருந்தவன் சொன்னான்: “அண்ணே, பேட்டரி போச்சுன்னா லைட்டு மங்கணும்ல? இது அப்படியே பளிச்சுன்னு எரியுதே!” அவன் சொன்னது முழுக்கச் சரி. செல்ஃப் மோட்டார் உண்மையிலேயே கரண்ட் இழுத்தால், இந்த அளவு டீசல் இன்ஜினுக்கு 200 ஆம்பியரைத் தாண்டும். லைட் மங்காமல் இருக்கவே முடியாது. மங்கவில்லை என்றால் வழியில் எங்கோ அறுந்திருக்கிறது. அன்றைக்கு நாலு பேர் தள்ளியதும் முதல் உருளலிலேயே வண்டி பிடித்தது. டீசல் பக்கம் சுத்தம் என்பதும் அதிலேயே தெரிந்துவிட்டது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வீட்டில் மீட்டரை எடுத்தேன். வண்டி நியூட்ரலில், ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கல் வைத்து, மனைவியைச் சாவி திருப்பச் சொன்னேன். மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி மைனஸ் கம்பத்தின் மேலேயே வைக்க வேண்டும், கிளாம்பில் இல்லை. இன்னொரு முனை இன்ஜின் பிளாக்கின் சுத்தமான இரும்பில். மீட்டர் காட்டுவது அந்த வழியில் வீணாகும் வோல்ட். செல்ஃப் சுற்றும்போது இங்கே 0.3 வோல்ட்டுக்குள் காட்ட வேண்டும். எனக்குக் காட்டியது 0.9. வண்டி நல்லபடியாக ஸ்டார்ட் ஆன நாளிலேயே 0.9! ப்ளஸ் பக்கம், பேட்டரி கம்பத்திலிருந்து செல்ஃப் மோட்டார் போல்ட் வரை அளந்தால் 0.2 தான். ஆகவே குறை எர்த்தில், அதாவது கரண்ட் இன்ஜினிலிருந்து பேட்டரி மைனஸுக்குத் திரும்பும் வழியில்.

நாலு நாள் கழித்து மார்க்கெட்டில் ‘டக்’ வந்தது. அதே இடத்தில் அளந்தேன், இந்தத் தடவை 8.7 வோல்ட். ஜம்பர் கேபிளின் ஒரு முனையைப் பேட்டரி மைனஸிலும் மறு முனையை இன்ஜின் தூக்கும் கொக்கியிலும் மாட்டிச் சாவியைத் திருப்பினேன். கிர்ரென்று எடுத்தது. ஒன்றரை வருடத்தில் அவ்வளவு சந்தோஷமான சத்தத்தை நான் கேட்டதில்லை.

என் வண்டியில் பேட்டரி மைனஸ் முதலில் சேசிஸுக்கு (அடிச்சட்டத்துக்கு) போகிறது, அங்கிருந்து ஒரு தடித்த எர்த் வயர் கியர் பாக்ஸுக்கு. அதைக் கழற்றிப் பார்த்தால் வெளியில் ஒரு குறையும் இல்லை. வயர் முனையில் போல்ட் மாட்டும் வளையமான லக் பக்கத்து உறையைக் கத்தியால் கீறினேன். உள்ளே செம்பு பச்சைப் பொடியாக உதிர்ந்தது, ஏழெட்டு இழைகள் மட்டும் பிடித்துக்கொண்டிருந்தன. இதே வயரை ஒரு வருடத்துக்கு முன் ஒருவர் மீட்டரில் ‘பீப்’ வைத்துப் பார்த்து நல்லது என்று சொல்லியிருந்தார். ஒரே ஒரு இழை தொட்டிருந்தாலும் மீட்டர் பீப் அடிக்கும், அதற்கு வேண்டியது துளிக் கரண்ட். 200 ஆம்பியர் போகும் பாதையில் 0.01 ஓம் தடை இருந்தாலே 2 வோல்ட் காணாமல் போய்விடும். அதனால் கரண்ட் ஓடும்போது அளந்தால்தான் உண்மை தெரியும்.

லோடு இறக்கிய பிறகு ஏன் என்ற கேள்விக்கும் விடை கிடைத்தது. இன்ஜினைத் தாங்கும் ரப்பர் மவுண்டுகள் தளர்ந்துவிட்டன. லோடு இறக்கும் ஆட்டத்தில் இன்ஜின் எந்தப் பக்கம் சாய்ந்து நிற்கிறதோ அதைப் பொறுத்து இழைகள் தொடும், விலகும். ஆக்சிலேட்டர் கேபிள் உறை ஒரு இடத்தில் உருகியிருந்ததையும் அப்போதுதான் கவனித்தேன். எர்த் கிடைக்காத கரண்ட் அந்த மெல்லிய கேபிள் வழியாகத் திரும்பியிருக்கிறது. தீப்பிடிக்கவும் வாய்ப்புண்டு, உங்கள் வண்டியில் பார்த்தால் அலட்சியம் செய்யாதீர்கள்.

புது வயர் 350 ரூபாய். மாட்டும் இரண்டு இடத்தையும் இரும்பு பளபளக்கத் தேய்த்து, போல்ட்டை முறுக்கி, மேலே கிரீஸ் தடவினேன். கழற்றும்போது பேட்டரி மைனஸை முதலில் எடுங்கள், மாட்டும்போது அதைக் கடைசியில் மாட்டுங்கள். அளவு 0.9-லிருந்து 0.15-க்கு இறங்கியது. ஓடும்போது பேட்டரியில் 13.4 வோல்ட் காட்டிக்கொண்டிருந்தது 14.1 ஆயிற்று. பழைய பேட்டரி சீக்கிரம் தளர்ந்ததற்கும் இதுவே காரணமாக இருந்திருக்கும்.

ஸ்க்ரூடிரைவரை வைத்துச் செல்ஃப் மோட்டாரை நேராக ஷார்ட் செய்யச் சொல்வார்கள். வேண்டாம். கியரில் இருந்தால் வண்டி ஆள்மேல் ஏறும்.

இதெல்லாம் நடந்து மூன்று வருடம் ஆகிறது. நடுவில் ஒரு தடவை மட்டும் காலையில் செல்ஃப் சுற்றியும் பிடிக்காமல் போயிற்று. டீசல் ஏற்றும் கை பம்பை இருபது தடவை அமுக்கியதும் எடுத்ததால் டீசல் லைனில் ஏர் இழுக்கிறது என்று தெரிந்தது. டீசல் ஃபில்டர் ரப்பர் வளையத்தை மாற்றினேன், தீர்ந்தது. அதுவும் நோட்டில் இருக்கிறது. போன வாரம் எர்த் அளந்தேன், 0.17. மவுண்டுகளை இன்னும் மாற்றவில்லை, தை அறுவடைக்கு முன் மாற்றிவிட வேண்டும்.