காஃபீன்: ஜாவாவுக்கு நல்ல கேஷ், வரம்பு மட்டும் நீங்கள் வைக்க வேண்டும்

அடிக்கடி கேட்கும் தரவை நினைவகத்தில் வைத்துக்கொள்ளும் கேஷ், ஒரே ஜேவிஎம்முக்குள் (ஜாவா நிரல் ஓடும் மெய்நிகர் இயந்திரம்) போதுமென்றால் காஃபீன் என்ற நூலகத்தைத் தாராளமாக எடுக்கலாம். கடைசியாக எப்போது கேட்டார்கள் என்பதோடு எத்தனை முறை கேட்டார்கள் என்பதையும் பார்ப்பதால், ஒருமுறை தலைகாட்டும் தரவு பயனுள்ளதைத் துரத்திவிடாது. ஜாவா 8-இல் பதிப்பு 2. ஜாவா 11 முதல் பதிப்பு 3.

மேக்ஸிமம்சைஸ் (எத்தனை பதிவு வரை என்ற வரம்பு) தராமல் விட்டால் ஹீப், அதாவது ஜாவா நிரலின் நினைவகம், நிரம்பக்கூடும். காலக்கெடுவை மட்டும் நம்பாதீர்கள்: கெடு முடிந்த பதிவு உடனே நீங்காது, அடுத்த வாசிப்போ எழுத்தோ வரும்போதுதான் துப்புரவு. உடனே நீங்க வேண்டுமென்றால், துப்புரவை நேரத்துக்கு நடத்தும் ஷெட்யூலரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். லோடிங்கேஷில் (இல்லாத மதிப்பைத் தானே ஏற்றிக்கொள்ளும் கேஷ்) எக்ஸ்பயர் 10 நிமிடம், ரெஃப்ரெஷ் 1 நிமிடம் என்று வைத்தால், நிமிடம் கடந்து வரும் முதல் கோரிக்கைக்குப் பழைய மதிப்பைத் தந்துவிட்டுப் பின்னணியில் புதியதை எடுத்துவரும். அருமையான வசதி.

ஸ்ட்ரிங் சாவிக்கு வீக்கீஸ் (சாவியை வேறெதுவும் பயன்படுத்தாதபோது பதிவை நீக்கவிடும் அமைப்பு) வேண்டவே வேண்டாம். ஒப்பீடு உள்ளடக்கத்தைப் பார்க்கும் ஈக்வல்ஸில் அல்ல, அதே பொருள்தானா என்று பார்க்கும் இரட்டைச் சமக்குறியில் (==) நடக்கும். இருக்கிற பதிவும் கிடைக்காமல் போகலாம்.